காலத்தை நிறுக்கும் படிக்கல்

சந்தையிலே அரிசி நிறுப்பவனுடைய தராசு எவ்வளவு நுட்பமானதாயிருப்பினும், அவன் வைத்திருக்கும் படிக்கல் குறைந்ததாயின் அன்று விற்ற அரிசி முழுவதும் குறைந்ததேயாகும். பத்து முறை நிறுத்தாலும் பத்து முறையும் ஒரே விடையே வரும். அந்த ஒற்றுமையைக் கண்டு வாங்குபவன் ஏமாறுவான். விற்பவனுந் தன்னையறியாமலே ஏமாறக்கூடும். பிழை தராசின் ஆட்டத்தில் இல்லை, படிக்கல்லில் இருக்கின்றது. அதனை அறிதற்கு வழி, அப்படிக்கல்லைப் பொதுவிடமொன்றிற் காக்கப்படும் நியமப் படிக்கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தலேயாகும். அரசாங்கங்கள் அளவைகளையும் நிறைகளையும் காலந்தோறுஞ் சோதித்து முத்திரை குத்துவது இதன்பொருட்டே.

அரிசிக்குரிய இந்நியதி காலத்துக்கும் உரியது. மதுரைக்கு அண்மையிலுள்ள கீழடியில், 353 சதமமீற்றர் ஆழத்திற் கிடைத்த மாதிரியொன்று கி.மு. 580 ஆம் ஆண்டளவினது என்று தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019 ஆம் ஆண்டில் அறிவித்தது. அம்மாதிரி மதுரையில் அளக்கப்படவில்லை. அமெரிக்காவிலுள்ள மயாமி நகரத்து ஆய்வுகூடம் ஒன்றில் அளக்கப்பட்டது. இலங்கையிலே, களுத்துறை மாவட்டத்துப் பாகியங்கலைக் குகையில் மனிதர் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே வாழ்ந்தனர் என்னும் முடிவும் இத்தகைய அளவீடுகளின் துணைகொண்டே பெறப்பட்டது. ஒரு நாட்டின் மண்ணிலே கிடைத்த பொருள் வேறொரு நாட்டிலே அளக்கப்படுகின்றது. பின்னர் மூன்றாவது நாடொன்றில் அளக்கப்பட்ட பொருளோடு அது ஒப்பிடப்படுகின்றது. ஆகவே ஒரு கேள்வி இயல்பாகவே எழுகின்றது. மயாமியில் அளந்த ஆண்டும், ஒக்ஸ்போட்டில் அளந்த ஆண்டும், அகமதாபாத்தில் அளந்த ஆண்டும் ஒரே ஆண்டுதானா? அவ்வாறாயின் அவற்றையெல்லாம் ஒன்றுபடுத்தும் படிக்கல் எங்கே இருக்கின்றது?

அதனை அறியுமுன், அளக்கப்படும் பொருள் யாதென அறிதல் வேண்டும். வானவெளியிலிருந்து அண்டக்கதிர்கள் இடையறாது பூமியின்மீது பொழிந்த வண்ணமாயிருக்கின்றன. அவை வளிமண்டலத்தின் மேற்பகுதியிலுள்ள அணுக்களை மோதி உடைக்கும்போது நியூத்திரன்கள் வெளிப்படுகின்றன. அந்நியூத்திரன்கள் நைதரசன் அணுக்களைத் தாக்க, அவற்றுட் சில காபன் 14 என்னும் அணுக்களாக மாறுகின்றன. சாதாரணக் காபனுக்கு இது உடன்பிறப்புப் போன்றது. இரசாயன இயல்பில் வேறுபாடு இல்லை. நிறையே சிறிது கூடியது. இத்தகைய உடன்பிறப்பு அணுக்களைச் சமதானிகள் என்று விஞ்ஞானிகள் வழங்குவர்.

காபன் 14 நிலையானதன்று. அது சிறிது சிறிதாக அழிந்து மீண்டும் நைதரசனாகின்றது. ஓரளவு காபன் 14 ஐ எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் அதன் பாதி அழிந்துவிடும். 11,460 ஆண்டுகளிற் காற்பங்கே எஞ்சும். 17,190 ஆண்டுகளில் அரைக்காற் பங்கே எஞ்சும். மரஞ் செடிகள் காற்றிலிருந்து காபனைப் பெறுகின்றன. விலங்குகளும் மனிதரும் அவற்றை உண்டு பெறுகின்றனர். உயிர் உள்ளவரையில் இச்சமதானி உடலிற் குறையாது நிரம்பிக்கொண்டேயிருக்கும். உயிர் நீங்கியபின் வரவு நின்று செலவு மாத்திரமே நிகழும். எஞ்சியிருப்பதை அளந்தால் உயிர் நீங்கிய காலத்தைக் கணிக்கலாம். சிக்காக்கோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லாட் லிபி என்பார் இம்முறையை வகுத்து, 1949 ஆம் ஆண்டில், வயது முன்னரே அறியப்பட்ட பொருள்களைக்கொண்டு அதன் மெய்மையை நிறுவிக் காட்டினார். எகிப்திய மன்னன் சோசரின் கல்லறையிலிருந்து பெற்ற மரமும் அப்பொருள்களுள் ஒன்று. 1960 ஆம் ஆண்டில் இரசாயனத்துக்குரிய நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

சொல்வதற்கு எளிதான இம்முறை செய்வதற்கு எளிதன்று. இன்று உயிரோடிருக்கும் மரத்திற்கூட, இலட்சங்கோடி காபன் அணுக்களுள், அதாவது ஒன்றின்பின் பன்னிரண்டு பூச்சியங்கள் இட்டு எழுதப்படும் எண்ணிக்கையான அணுக்களுள், ஏறத்தாழ ஒன்றே காபன் 14 ஆகும். ஒரு கிராம் புதிய காபனில் நிமிடத்துக்குச் சுமார் 14 அணுக்களே அழிகின்றன. பழைய ஆய்வுகூடங்கள் இவ்வழிவுகளை ஒவ்வொன்றாக எண்ணின. 1977 ஆம் ஆண்டுக்குப் பின் எழுந்த ஆர்முடுக்கித் திணிவு நிறமாலைமானி என்னும் பெருங்கருவி, அணுக்கள் அழியும்வரை காத்திராது, அவற்றை நிறைப்படி பிரித்து நேரே எண்ணுகின்றது. அதனால் ஓர் அரிசிமணியளவினதான கரியும் இன்று அளவீட்டுக்குப் போதுமானதாகின்றது.

எனினும் எந்தக் கருவியும் எல்லா அணுக்களையும் எண்ணிவிடுவதில்லை. ஒரு கருவி நூற்றுக்கு அறுபதை எண்ணும். மற்றொன்று எழுபதை எண்ணும். அதே கருவி நாளைக்கு வேறொரு விகிதத்திலே எண்ணவுங் கூடும். ஆகவே, எண்ணிய தொகையை மாத்திரம் கொண்டு வயதைக் கூறுதல் இயலாது. காபன் 14 இன் அளவு நன்கு அறியப்பட்ட பொருளொன்றை அதே கருவியில், அதே நாளில் அளந்து, அதனோடு மாதிரியை ஒப்பிடுதல் வேண்டும். மாதிரி அறியப்பட்ட பொருளின் எத்தனையில் ஒரு பங்கு என்பதே உண்மையான விடை. இவ்வறியப்பட்ட பொருளே நியமப்பொருள் எனப்படும். காலத்தை நிறுக்கும் படிக்கல் இதுவே.

நியமப்பொருளில் நேரும் சிறு பிழையும் காலக்கணிப்பிலே பெரிதாகத் தோன்றும். படிக்கல் நூற்றில் ஒரு பங்கு தவறினால், அந்த ஆய்வுகூடத்திலிருந்து வெளிவரும் ஒவ்வொரு வயதும் ஏறத்தாழ 80 ஆண்டுகள் தவறிவிடும். நூற்றில் மூன்று பங்கு தவறினால் தவறு 240 ஆண்டுகளுக்கு ஏறும். அஃது எட்டு அல்லது ஒன்பது தலைமுறைக் காலம். ஓர் அரசன் மற்றோர் அரசனுக்கு முந்தியவனா, ஓர் ஊர் மற்றோர் ஊரிலிருந்து எழுத்தைப் பெற்றதா கொடுத்ததா என்பன போன்ற வழக்குகள் இந்த இடைவெளியிலேயே தீர்க்கப்பட வேண்டியனவாய் உள்ளன.

அத்தகைய நியமப்பொருளாக எதனைக் கொள்வது? இன்று வெட்டிய மரமொன்றைக் கொள்ளலாமே என்று தோன்றும். தொடக்கத்தில் அவ்வாறே நினைத்தனர். ஆனால் காற்று முன்போல் இல்லை. நூறாண்டுகளுக்கு மேலாக எரிக்கப்பட்ட நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழமையானவை. அவற்றிற் காபன் 14 சிறிதும் இல்லை. அவற்றின் புகை காற்றிலே கலந்து, காபன் 14 இன் விகிதத்தைக் குறைத்துவிட்டது. ஹான்ஸ் சூஸ் என்னும் விஞ்ஞானி 1955 ஆம் ஆண்டில் இதனை எடுத்துக்காட்டினார். அதேகாலத்தில் நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனைகள் இதற்கு எதிரான விளைவை உண்டாக்கின. 1963 ஆம் ஆண்டையடுத்து வடவரைக்கோளத்துக் காற்றிற் காபன் 14 இன் அளவு ஏறத்தாழ இருமடங்காயிற்று. புகையாற் குறைந்தும் குண்டாற் கூடியும் நிற்கும் காற்றில் வளர்ந்த மரத்தை எவ்வாறு நியமமெனக் கொள்வது?

ஆதலால் விஞ்ஞானிகள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். கைத்தொழிற் புகை மிகாத காலமாகிய 1890 ஆம் ஆண்டில் வளர்ந்த மரத்தை அடிப்படையாகக் கொண்டு, அதன் அளவை 1950 ஆம் ஆண்டுக்குக் கணித்து, அதுவே 'இன்று' என வகுத்தனர். காபன் முறையில் 'இற்றைக்கு முன் 2,000 ஆண்டு' என்று கூறினால், அந்த 'இன்று' 1950 ஆம் ஆண்டையே குறிக்கும். ஆனால் 1890 ஆம் ஆண்டு மரத்தை உலகமெங்கும் பகிர்ந்தளித்தல் இயலாது. எனவே அமெரிக்க நியமங்களுக்கான தேசியப் பணியகம், 1955 ஆம் ஆண்டில் விளைந்த பீற்றுக் கிழங்கின் சீனியிலிருந்து ஒட்சாலிக்கமிலம் என்னும் வெண்பொடியைப் பெருந்தொகையாகச் செய்வித்துச் சேமித்து வைத்தது. புளியாரைக் கீரைக்குப் புளிப்பைத் தருவதும் இவ்வமிலமே. பீற்று ஒரே பருவத்தில் விளைவது. ஆகவே அதன் காபன் முழுவதும் ஒரே பருவத்துக் காற்றிலிருந்து வந்தது. பொடியாக்கி நன்கு கலந்துவிட்டால் ஒரு சிட்டிகைக்கும் மற்றொரு சிட்டிகைக்கும் வேறுபாடில்லை, நெடுங்காலங் கெடாது. அதிலுள்ள காபன் 14 முன்கூறிய மரத்தின் அளவிலுஞ் சற்றுக் கூடுதலாயிருந்தமையால், அதன் நூற்றில் 95 பங்கையே நியம அளவாகக் கொள்ளும் விதி வகுக்கப்பட்டது.

எந்தச் சேமிப்பும் எடுக்க எடுக்கக் குறையும். முதலாவது அமிலம் குறையத் தொடங்கியபோது, 1977 ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தில் விளைந்த பீற்றிலிருந்து இரண்டாவது அமிலம் செய்யப்பட்டது. அக்காலக் காற்றிற் குண்டுச் சோதனையின் விளைவு இன்னும் எஞ்சியிருந்ததால், புதியது பழையதைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்கு காபன் 14 கொண்டதாயிருந்தது. பழைய படிக்கல்லிலிருந்து புதிய படிக்கல்லுக்கு மாறும்போது தொடர்பு அறுந்துவிடலாகாது. ஆதலால் பல ஆய்வுகூடங்கள் இரண்டையும் அருகருகே வைத்து அளந்து, அவ்விகிதத்தை நுட்பமாக நிறுவின. அவ்வாறு செய்திராவிடின், மாற்றத்துக்கு முன் அளந்தவையும் பின் அளந்தவையும் இரு வேறு மொழிகளாகியிருக்கும்.

நியமத்துக்கு மேல்முனை ஒன்று இருப்பதுபோலக் கீழ்முனையும் ஒன்று தேவை. காபன் 14 சிறிதுமற்ற பொருளொன்றை அளந்தால் விடை பூச்சியமாக வருதல் வேண்டும், வருவதில்லை. மாதிரியைக் கழுவும் நீரிலிருந்தும், கண்ணாடிக் குழாயிலிருந்தும், அறையின் காற்றிலிருந்தும் புதிய காபன் சிறிது கலந்துவிடுகின்றது. இக்கலப்பு நூற்றில் ஒரு பங்கேயானாலும், அளவிறந்த பழமையான பொருளும் 37,000 ஆண்டுப் பொருளாகத் தோன்றும். பாகியங்கலைக் குகை போன்ற தொன்மையான இடங்களின் வயதைக் கூறுவோர் இதனை நன்கு அறிதல் வேண்டும். வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகவரகம் இதற்கெனவும் பொருள்களைத் தொகுத்து வழங்கியது. இத்தாலி நாட்டுக் கராரா மலையின் சலவைக்கல், நியூசிலாந்து நிலத்திற் புதையுண்டு கிடந்த கௌரி மரம் என்பன அவற்றுட் சில. சலவைக்கல்லை அளந்து வரும் விடையே அந்த ஆய்வுகூடத்தின் தூய்மைக்குச் சாட்சி.

நியமப்பொருள் கைக்கு வந்துவிட்டால் எல்லா ஆய்வுகூடங்களும் ஒரே விடையைத் தரும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அது மெய்யா என்று சோதித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்கள் இதனை எளிதில் உணர்வர். எல்லோரிடமும் ஒரே புள்ளித்திட்டம் இருக்கும். ஆயினும் ஒருவர் கை இறுக்கமானது, மற்றொருவர் கை தாராளமானது. ஒவ்வொருவருந் தம்மளவில் மாறாத முறையிலேயே திருத்துவர்; ஆகையால் தமது சாய்வு தமக்குத் தெரியாது. ஒரே விடைத்தாளின் பிரதியை எல்லோருக்குங் கொடுத்துத் திருத்தச் செய்து, புள்ளிகளை அருகருகே எழுதிப் பார்த்தாற் சாய்வு உடனே தெரியவரும்.

காபன் ஆய்வுகூடங்களுக்கும் இச்சோதனையே நிகழ்ந்தது. 20 ஆய்வுகூடங்கள் பங்குபற்றிய ஒப்பீடொன்றின் முடிவுகள் 1982 ஆம் ஆண்டில் வெளியாயின. அளக்கப்பட்டவை மரவளையங்கள். ஆண்டுக்கு ஒரு வளையமாக வளரும் மரத்தின் வயதை எண்ணியே அறியலாமாதலால், அவை நல்ல சாட்சிகள். ஒவ்வோர் ஆய்வுகூடமும் தன் விடையோடு, பிழை இவ்வளவுக்குள் அடங்கும் என்று ஓர் எல்லையையுங் கூறியது. விடைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, அவை தம்முள் வேறுபட்ட அளவு, கூறப்பட்ட எல்லைகளிலும் மிகப் பெரிதாயிருந்தது. தன்னோடு தான் ஒத்திருத்தல் வேறு, உண்மையோடு ஒத்திருத்தல் வேறு என்பதை இவ்வொப்பீடு விஞ்ஞான உலகத்துக்கு உணர்த்திற்று.

பிழை எங்கே நுழைகின்றது என்பதை அறிதல் அடுத்த பணியாயிற்று. கிளாஸ்கோ நகரத்து அறிஞர்கள் முன்னின்று நடத்திய அடுத்த ஒப்பீடு, 50 இற்கு மேற்பட்ட ஆய்வுகூடங்களோடு கட்டங்கட்டமாக நடைபெற்றது. முதலில், இரசாயன வேலை பெரிதும் முடிக்கப்பட்ட பொருள் அனுப்பப்பட்டது. இங்கே வேறுபாடு தோன்றினால் குற்றம் எண்ணுங் கருவியினது. அடுத்து, கருவிக்குள் இடுமுன் இரசாயன மாற்றஞ் செய்யவேண்டிய பொருள் அனுப்பப்பட்டது. இறுதியில், மரம், முற்றாநிலக்கரி போன்ற இயற்கைப் பொருள்கள், கழுவித் தூய்மைசெய்யும் வேலை முதற்கொண்டு யாவும் ஆய்வுகூடத்தாலேயே செய்யப்படும்படி அனுப்பப்பட்டன. வீட்டிலே நீர் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க அறையறையாகச் சென்று பார்ப்பது போன்றது இம்முறை.

அதன்பின் இவ்வொப்பீடுகள் தொடர்ந்து நடந்து வருகின்றன. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய நான்காவது ஒப்பீட்டில் 80 இற்கு மேற்பட்ட ஆய்வுகூடங்கள் பங்குபற்றின. அனுப்பப்பட்ட பொருள்களுட் பெல்பாஸ்ட் நகரில் வளையங்களால் வயது நிறுவப்பட்ட மரமும், கௌரி மரமும், ஸ்கொத்லாந்தில் விஸ்கி வடிக்கும் இடத்திலிருந்து பெறப்பட்ட பார்லிச் சக்கையும் இருந்தன. பார்லியும் பீற்றைப்போல் ஓராண்டுப் பயிர். இவ்வொப்பீட்டிலே கையாளப்பட்ட உபாயம் குறிப்பிடத்தக்கது. ஒரே பொருள் இரு வேறு எழுத்துக்களிட்டு, இரண்டும் ஒன்றே எனத் தெரிவிக்காமல் அனுப்பப்பட்டது. விடை முன்னரே தெரிந்தால், நேர்மையான மனமும் அதன் பக்கஞ் சாயும். எதிர்பார்த்த எண் வந்தவுடன் அளப்பதை நிறுத்தத் தோன்றும். தெரியாமல் அளந்தவன் இரு பொருள்களுக்கும் ஒரே வயதைக் கூறினால், அது அவனுடைய கைத்திறனுக்குக் கிடைத்த உறுதியான நற்சாட்சியாகும்.

இவையெல்லாம் மிகையான கவனமா என்று ஐயுறுவோருக்கு, இலண்டன் மாநகரிலுள்ள பிரித்தானிய நூதனசாலையின் அனுபவம் விடையாகும். அந்நூதனசாலையின் காபன் ஆய்வுகூடம் உலகப் புகழ் வாய்ந்ததாயிருந்தது. ஆயினும் 1980 தொடக்கம் 1984 வரை அது வெளியிட்ட வயதுகளில் ஒரே திசையிற் சாய்ந்த பிழையொன்று இருந்தமை பின்னர் கண்டறியப்பட்டது. அவ்வயதுகள் பொதுவாக 200 தொடக்கம் 300 ஆண்டுகள்வரை குறைந்தனவாய், அதாவது பொருள்களை உண்மையிலும் இளமையானவையாகக் காட்டுவனவாய் இருந்தன. இத்தகைய பிழையை ஆய்வுகூடத்துக்குள்ளேயே மீண்டும் மீண்டும் அளந்து கண்டுபிடித்தல் அரிது. குறைந்த படிக்கல்லால் நூறு முறை நிறுத்தாலும் அரிசி கூடிவிடாது.

அவ்வாய்வுகூடத்தினர் செய்தது யாது? பிழையை மறைக்கவில்லை. எந்த இலக்கத்திலிருந்து எந்த இலக்கம் வரையுள்ள முடிவுகள் ஐயத்துக்குரியன என்பதை 1987 ஆம் ஆண்டில் தொல்லியலறிஞர் படிக்கும் சஞ்சிகையிலே பகிரங்கமாக அறிவித்தனர். பின்னர் பழைய பதிவேடுகளை ஆராய்ந்து, திருத்தக்கூடியவற்றைத் திருத்தி, அவற்றுக்குரிய பிழையெல்லையையும் அகலப்படுத்தி 1990 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். திருத்த இயலாதவற்றை அவ்வாறே தெரிவித்தனர். ஓர் ஆய்வுகூடத்தின் பெருமை அது பிழையே செய்யாமையில் இல்லை. பிழை தெரிந்தபோது அதனைச் சொல்லக்கூடிய ஒழுங்கையும் துணிவையும் உடைத்தாயிருத்தலிலேயே உள்ளது. பதிவேடுகள் செம்மையாக இருந்தமையாலேயே திருத்துதல் இயன்றது என்பதும் கருதத்தக்கது.

காபனைப்பற்றிக் கூறிய யாவும், அண்டக்கதிர்களாற் பிறக்கும் ஏனைய சமதானிகளுக்கும் பொருந்தும். அண்டக்கதிர்கள் காற்றோடு நின்றுவிடுவதில்லை. நிலத்தை அடைந்து பாறைகளையுந் தாக்குகின்றன. வெண்கற்களிலும் மணலிலும் நிறைந்துள்ள குவாட்சு என்னும் கனிப்பொருளில் அவை பெரிலியம் 10, அலுமினியம் 26 என்னும் சமதானிகளைப் பிறப்பிக்கின்றன. ஒரு பாறை திறந்த வெளியில் எவ்வளவு காலங் கிடந்ததோ அவ்வளவுக்கு அவை அதிற் சேர்ந்திருக்கும். பனியாறு ஒன்று உருகிப் பின்வாங்கும்போது விட்டுச்சென்ற பாறையை ஆராய்ந்தால், பனி அவ்விடத்தை விட்டு நீங்கிய காலத்தை அறியலாம். இத்துறையை வளர்த்தோருள் இந்தியாவைச் சேர்ந்த தேவேந்திர லால் முதன்மையானவர்களில் ஒருவர். அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சி நிலையத்தின் பணிப்பாளராயிருந்த அவர், பாறைகளில் இச்சமதானிகள் பிறக்கும் வேகத்தைப்பற்றி 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இன்றும் இத்துறையினர்க்கு அடிப்படையாய் உள்ளது.

பெரிலியத்தின் படிக்கல்லிலும் ஒரு சிக்கல் இருந்தது. வெவ்வேறு ஆய்வுகூடங்கள் வெவ்வேறு பெரிலியக் கரைசல்களை நியமமாகக் கொண்டிருந்தன. அவை தம்முள் நூற்றுக்குப் பத்துக்கு மேலும் வேறுபட்டன. ஒருவர் 10,000 ஆண்டு என்று கூறிய பாறையை மற்றொருவர் 11,000 ஆண்டு என்று கூறக்கூடும். பனி உருகிய காலம் ஆயிரம் ஆண்டு மாறினால், அது எந்தக் காலநிலை மாற்றத்தால் உருகியது என்னும் விளக்கமும் மாறிவிடும். கலிபோர்னியாவிற் பணியாற்றிய நிஷிஇசுமி என்பாரும் அவர்தங் குழுவினரும் 2007 ஆம் ஆண்டில் நியமக் கரைசல்களை மீண்டும் அளந்து திருத்தமான அளவை வெளியிட்டனர். பெரிலியம் 10 பாதியாக அழியும் காலம் 15 இலட்சம் ஆண்டு என்று முன்னர் பலரும் கொண்டிருந்தனர். 2010 ஆம் ஆண்டில் இரு குழுவினர் வெளியிட்ட அளவீடுகள் தம்முள் ஒத்து, அது ஏறத்தாழ 13 இலட்சத்து 90 ஆயிரம் ஆண்டென்று நிலைநாட்டின. பின்னர் கிரோனஸ் என்னும் கூட்டுத்திட்டத்தின்கீழ், அந்தாட்டிக்காவில் நெடுங்காலம் வெயிலும் பனியும் பட்டுக்கிடந்த பாறையிலிருந்து பெற்ற குவாட்சும், பெரிலியம் 10 அதனினும் நூறு மடங்குக்கு மேற் குறைந்த மற்றொரு குவாட்சும் பல நாட்டு ஆய்வுகூடங்களுக்குப் பகிரப்பட்டன. நிறைந்ததை அளத்தல் எளிது. குறைந்ததை அளக்கும்போதே கைத்திறன் தெரியும் என்பதால் இரண்டும் வேண்டியிருந்தன.

திருத்தங்கள் இவ்வாறு வந்துகொண்டிருந்தால், முன்னர் வெளியிட்ட எண்களை என்செய்வது என்ற ஐயம் எழலாம். காபன் துறையினர் இதற்கும் வழி கண்டனர். லிபி தமது கணக்கில் அரைவாழ்வுக்காலத்தை 5,568 ஆண்டு எனக் கொண்டார். 5,730 என்பதே உண்மைக்கு நெருங்கியது என்று 1962 ஆம் ஆண்டளவில் ஏற்கப்பட்டது. ஆயினும் ஆய்வுகூடங்கள் வெளியிடும் எண்ணில் லிபியின் கணக்கையே தொடர்ந்து கையாளுமாறு உடன்பாடு செய்யப்பட்டது. இடையில் மாற்றினால், எந்த எண் எந்தக் கணக்கிலே வந்தது என்பது குழம்பிவிடும். எல்லோரும் ஒரே கணக்கிலே எண்ணை வெளியிடுகின்றனர்; பின்னர், மரவளையங்கள் முதலியவற்றைக் கொண்டு அமைத்த பொது அட்டவணையொன்றின் மூலம் அது உண்மையான ஆண்டாக மாற்றப்படுகின்றது. ஆகவே 'காபன் வயது' வேறு, நாட்காட்டி வயது வேறு. பத்திரிகையிலே ஒரு பழம்பொருளின் வயதைப் படிப்போர், அஃது இவ்விரண்டில் எது என்றும், அதனோடு கூறப்பட்ட பிழையெல்லை யாது என்றும் கேட்டல் வேண்டும். எல்லை கூறாது ஆண்டை மாத்திரங் கூறும் செய்தி, விலையைக் கூறி அளவைக் கூறாத விளம்பரம் போன்றது.

தமிழ் மக்கள் தங்கள் தொன்மையைப்பற்றிப் பேசுவதில் ஆர்வமுடையோர். அவ்வார்வத்துக்கு உரமாக விஞ்ஞான அளவீடுகள் இன்று கிடைத்து வருகின்றன. அவ்வளவீடுகளை ஏற்கும்போது அவற்றின் பின்னாலுள்ள ஒழுங்கையும் ஏற்றல் வேண்டும். ஓர் எண் பெரிதாயிருப்பதனால் மதிப்புப் பெறுவதில்லை. எவரும் எங்கும் அளந்து பார்த்தாலும் அதுவே வரும் என்னும் உறுதியினாலேயே மதிப்புப் பெறுகின்றது. அவ்வுறுதியைத் தருவன, 1955 ஆம் ஆண்டுப் பீற்றுக் கிழங்கின் வெண்பொடியும், கராரா மலையின் சலவைக்கல்லும், பார்லிச் சக்கையும், அந்தாட்டிக்காவின் மணியளவான குவாட்சுமேயாம். இவற்றை எந்த நூதனசாலையிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுவதில்லை. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருள்களின் அருகே எழுதப்பட்டுள்ள ஆண்டுகளை நம்பலாமா என்பதற்கு அவையே பிணை நிற்கின்றன.